யாரு வீட்டுப் பிள்ளை

உத்தமபாளையத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கிற ஏழெட்டு நிமிடத்துக்குள் யாராவது ஒரு பெரியவர் கேட்டுவிடுவார்: "யாரு வீட்டுப் பிள்ளைப்பா?" எனக்கு வயது நாற்பத்தெட்டு. மீசை நரைத்துவிட்டது. அந்தக் கேள்விக்கு முன்னால் மட்டும் இன்னும் பிள்ளை. அப்பா பெயரைச் சொன்னால் பத்தாது. தாத்தா பெயர், தெரு, அப்பா எந்த ரைஸ்மில்லில் கணக்கு எழுதினார் என்பது வரை சொல்லவேண்டும். எங்கேயோ ஒரு கண்ணி மாட்டிக்கொண்டதும் அவர் முகம் தெளியும். "அட, மில்லுக் கணக்கர் மகனா! ஒங்கப்பா மாதிரியேதான் நடக்குற." அப்புறம் டீ சொல்லாமல் விடமாட்டார். காசை நீட்டினால் கோபித்துக்கொள்வார்.

சென்னையில் இருபத்திரண்டு வருடமாகக் குடியிருக்கிறேன். அங்கே இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. வேளச்சேரியில் மூன்றாவது மாடி. கீழ்வீட்டுக்காரருக்கு என் பெயர் தெரியாது, ஸ்கூட்டர் நம்பர் தெரியும். வண்டியை இடைஞ்சலாக நிறுத்தினால் வாட்ஸப் குழுவில் அந்த நம்பரைப் போடுவார். நானும் அவரை வீட்டு எண்ணாகத்தான் அறிவேன். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் மாடியில் ஒரு பெண் தனியாக இருக்கிறார், இரவு ஒரு மணிக்கு வேலை முடிந்து வருகிறார். யாரும் கதவைத் திறந்து பார்ப்பதில்லை. என் ஊரில் அந்த நேரத்துக்கு ஒரு ஆட்டோ தெருவுக்குள் நுழைந்தால் நான்கு ஜன்னல்களில் விளக்கு எரியும்.

போன வருடம் அம்மா விழுந்து இடுப்பில் அடிபட்டதிலிருந்து ஊருக்கே வந்துவிடுவதா என்ற பேச்சு வீட்டில் ஓடுகிறது. அலுவலகத்திலும் மாதத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவைப்போல நானும் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன்தான். ஒரு ராத்திரி தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்தேன். இந்தப் பக்கம் பற்று, அந்தப் பக்கம் வரவு. வாடகை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, காற்று, தண்ணீர், அம்மா. எல்லாம் ஏதோ ஒரு பக்கம் போய் உட்கார்ந்தது. 'எல்லாருக்கும் நம்மைத் தெரியும்' என்ற வரி மட்டும் எந்தப் பக்கம் எழுதினாலும் உறுத்தியது. கடைசியில் இரண்டு பக்கமும் எழுதினேன். கணக்கில் அப்படி எழுதக்கூடாது.

கிராமமா நகரமா என்ற கேள்வியைக் கம்பம் பள்ளத்தாக்கில் வைத்துக் கேட்பதே கொஞ்சம் சிக்கல். தேனியில் பஸ் ஏறினால் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஒரு ஊர் முடிவதற்குள் அடுத்த ஊரின் பேனர் வந்துவிடுகிறது. இடையில் கொஞ்சம் நெல், கொஞ்சம் தென்னை, வாழை, கல்தூண் நட்ட திராட்சைப் பந்தல். 1996-இல் மதுரையிலிருந்து பிரிந்த சின்ன மாவட்டம் தேனி. ஆறு நகராட்சிகள், இருபத்திரண்டு பேரூராட்சிகள். 2011 கணக்கெடுப்பில் பன்னிரண்டரை லட்சம் பேர், அதில் பாதிக்கு மேல் நகரவாசிகள் என்று அரசாங்கம் சொல்கிறது. அந்த நகரவாசிகளில் பலபேர் காலையில் எழுந்ததும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவர்கள். மேற்கே மலை, கிழக்கே மேகமலை, நடுவில் ஐம்பது கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே தெரு. அந்தத் தெருவின் இரண்டு ஓரத்திலும் குடியிருக்கிறோம். இதைக் கிராமம் என்று உருகவும் முடியாது, நகரம் என்று மிரளவும் முடியாது.

உருகுகிற வேலையை எங்களுக்காகச் சினிமா செய்துகொடுத்தது. அல்லிநகரத்திலிருந்து பாரதிராஜாவும் பண்ணைப்புரத்திலிருந்து இளையராஜாவும் சென்னைக்குப் போனார்கள். 'கெட்டும் பட்டணம் சேர்' என்று சொல்லிக்கொடுத்த மண்தான் இது. போனவர்கள் பட்டணத்தில் உட்கார்ந்து ஊரைப் பற்றிப் படம் எடுத்தார்கள், பாட்டுப் போட்டார்கள். பட்டணத்துக்காரர்கள் அதைப் பார்த்து ஊருக்கு ஏங்கினார்கள். 1977-இல் வந்த '16 வயதினிலே' படத்தை எங்கள் அம்மா இன்றைக்கும் "நம்ம ஊரு படம்" என்றுதான் சொல்வார். அது எடுக்கப்பட்டது கர்நாடகத்தில், கொள்ளேகால் பக்கம். இதை அம்மாவிடம் சொன்னேன். "அதனால என்ன, ஆளுக நம்மாளுக மாதிரித்தான பேசுனாக" என்றார். ஊர் என்பது பேச்சில் இருந்தால் போதும் அவருக்கு. அப்படியென்றால் வேளச்சேரியிலும் இருக்கலாமே அம்மா என்று கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. இரண்டு தடவை அழைத்துப்போய் வைத்துப் பார்த்ததுதான். இரண்டு தடவையும் மூன்றாம் வாரம் பால்கனியில் நின்று, கீழே போகிற யாரிடமாவது "எங்கிட்டுப் போற தாயி?" என்று கேட்க ஆரம்பித்தார். மேலே நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இங்கே எவரும் ஒரே இடத்தில் வாழ்வதில்லை என்பதைச் சென்னைக்குப் போனபிறகுதான் கவனித்தேன். விடிகாலை கம்பத்தில், கூடலூரில், போடியில், தேவாரத்தில் ஜீப்புகள் நிற்கும். கையில் தூக்குவாளி, தலையில் துண்டு, பழைய சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிய பெண்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு எண் இருக்கும். ஜீப்பில் வேறு எண் இருக்கும். கம்பம்மெட்டு வழியாக, குமுளி வழியாக, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறிப்போய், சாயங்காலம் இறங்கிவிடுவார்கள். "மலைக்குப் போறாக" என்பது இங்கே வேலைக்குப் போவதற்கு இன்னொரு பெயர். பிழைப்பு ஒரு மாநிலத்தில், அடுப்பு ஒரு மாநிலத்தில். 1956-இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போனபோது வரைபடத்தில் ஏற்கனவே இருந்த கோடு உறுதியாகிவிட்டது. அந்தக் கோட்டை ஒரு நாளைக்கு இரண்டு தடவை தாண்டுகிற பெண்ணிடம் "பெரிய ஊர் நல்லதா, சின்ன ஊர் நல்லதா" என்று போய்க் கேட்கமுடியாது. அவளுக்கு ஊர் மேலும் கீழுமாக இருக்கிறது.

மேலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்து, ஓய்வுபெறும் நாளில் போவதற்கு வேறு வீடு இல்லாதவர்கள். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். அநேகமாக எல்லாரும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் ஒரு அத்தை, மலைக்கு முப்பது வருடமாகப் போய்வருகிறவர், சொன்னது: "எம்புட்டு லேட்டானாலும் கீழ எறங்கிரணும்டா. ஒறங்குறதுக்கு மலை ஆகாது."

அவர் இறங்கி வருகிற இந்தக் 'கீழ'வும் தானாக அமைந்த இடமில்லை. மேற்கே கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியதால் இப்படிப் பச்சையாக இருக்கிறது. 1886-இல் திருவிதாங்கூரோடு 999 வருடக் குத்தகை எழுதி, 1895 அக்டோபரில் அணையைத் திறந்தார்கள். அணையைக் கட்டிய பென்னிகுவிக் பெயரை இங்கே பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறார்கள், கடைகளுக்கு வைத்திருக்கிறார்கள். தைப்பொங்கலை ஒட்டி வருகிற அவருடைய பிறந்தநாளுக்குப் பாலார்பட்டியிலும் சுருளிப்பட்டியிலும் பானை வைக்கிறார்கள். பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் என்பது சின்னப்பிள்ளைக்கும் மனப்பாடம். தொலைக்காட்சியில் அணையின் நீர்மட்டம் 136 அடி, 142 அடி என்று ஓடினால் எங்கள் வீட்டில் பேச்சு நின்றுவிடும். சென்னையில் அந்த இடத்தில் தங்கத்தின் விலை இருக்கிறது.

ஆக, எங்கள் ஊரில் குடியிருப்பது என்று ஒருவன் முடிவெடுக்கிறான் என்றால், அதற்கு முன்பே ஒரு ஆறு எங்கே போவது என்பதை வேறு சிலர் முடிவெடுத்திருக்கிறார்கள். அதே ஆறு கொஞ்சம் தள்ளி வேறு கணக்கையும் எழுதியது. 1959-இல் வைகை அணை எழும்பியபோது நீர்ப்பிடிப்பில் இருந்த ஊர்கள் காலியாயின. வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' அந்தக் கதைதான், 2003-க்கான சாகித்ய அகாதமி பரிசும் வாங்கியது. இருக்கிற இடத்தைவிட்டுக் கிளம்பச் சொன்னபோது அங்கே யாரும் தாளில் கோடு கிழித்துப் பார்க்கவில்லை. இப்போது மதுரையின் முறை. பள்ளத்தாக்கின் மேல்முனையில் உள்ள லோயர் கேம்ப்பிலிருந்து மதுரைக்கு நேரே குழாய் போட்டுக் குடிதண்ணீர் கொண்டுபோக 1,295 கோடி ரூபாயில் திட்டம் வந்தது. ஆற்றிலேயே விட்டு வைகையில் எடுத்துக்கொள்ளுங்கள், குழாய் வேண்டாம் என்று பள்ளத்தாக்கு விவசாயிகள் போராடினார்கள். மதுரைக்குத் தாகம் இருப்பதும் உண்மை, ஆறு வெறும் மணலாகப் போய்விடும் என்று இவர்கள் பயப்படுவதும் உண்மை. பெரிய நகரம் வேண்டாம் என்று சின்ன ஊருக்கு ஒருவன் ஓடிவரலாம். நகரம் அவன் பின்னாலேயே குழாயைப் போட்டுக்கொண்டு வந்துவிடும்.

2023 மே மாதம் நான் ஊரில் இருந்தேன். அரிக்கொம்பன் வந்த வாரம் அது.

சின்னக்கானலில் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்று பெயர் வாங்கிய யானை. குடியிருப்புகளுக்குள் புகுகிறது என்று விவகாரம் நீதிமன்றம்வரை போய், முதலில் பரம்பிக்குளத்துக்குக் கொண்டுபோகச் சொன்னது கேரள உயர்நீதிமன்றம். அங்கே இருந்தவர்கள் எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். கடைசியில் ஏப்ரல் 29-ஆம் தேதி மயக்க ஊசி போட்டு, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, லாரியில் ஏற்றிப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். நல்ல காடு, தண்ணீர் உண்டு, தீனி உண்டு. தாளில் வரவுப் பக்கம் நிரம்பிய இடம். சரியாக ஒரு மாதம் ஆகவில்லை. மே 27-ஆம் தேதி காலையில் அது கம்பம் நகரத்துத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டோவைப் புரட்டியது. வண்டியில் வந்த ஒருவர் அடிபட்டு, பிறகு இறந்துபோனார். ஊருக்குள் 144 போட்டார்கள். எங்கள் தெருவில் மாடியில் ஏறி நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தோம், கண்ணுக்குத் தெரியாத ஒரு யானையை.

அடுத்த ஒரு வாரம் உத்தமபாளையம் முழுக்க அதே பேச்சு. சண்முகாநதி அணைப் பக்கம் நிற்கிறதாம், வாழைத் தோப்புக்குள் இருக்கிறதாம். கும்கிகள் வந்து இறங்கின. ஜூன் 5-ஆம் தேதி பிடித்து, லாரியில் நிறுத்தி, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோய் மேலே கோதையாறு பக்கம் விட்டார்கள். லாரி போகிற வழியெல்லாம் சனம் நின்று பார்த்தது. சிலர் கும்பிட்டார்கள். டீக்கடையில் ஒரு அண்ணன் சொன்னார்: "அது எங்கயும் ஓடல தம்பி. வீட்டுக்கு வழி தேடியிருக்கு. நம்ம ஊரு குறுக்க இருந்திருச்சு." அது உண்மையா என்று வனத்துறையைத்தான் கேட்கவேண்டும். யானைக்கு எதிர்ப்பட்டு இறந்தவரின் வீட்டில் இதைச் சொல்லமுடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு உயிருக்கு எங்கே இருந்தால் நல்லது என்று அறிந்தவர்கள் கூடி உட்கார்ந்து, நல்ல எண்ணத்தோடு, எல்லாப் பட்டியலையும் பார்த்து முடிவெடுத்தபோது என்ன ஆனது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். பட்டியலில் தீனி இருந்தது, தண்ணீர் இருந்தது. யானை பழகிய தடம் மட்டும் இல்லை.

அதற்காக, பிறந்த தடம்தான் பெரிது என்று முடிச்சுப்போடப் போவதில்லை. அப்பா விஷயம் இருக்கிறது.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது ஒரு ஐப்பசி ராத்திரி, பதினொரு மணி. பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். தேனி தாண்டி, கானாவிலக்கு தாண்டி, ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது அப்பா தண்ணீர் கேட்டாராம். உசிலம்பட்டிக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. கானாவிலக்கில் இன்றைக்குப் பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நிற்கிறது, அங்கேயே நிறைய உயிர்கள் பிழைக்கின்றன. ஆனாலும் சிக்கலான கேஸ் என்றால் "மருதைக்குக் கொண்டுபோயிருங்க" என்ற வார்த்தை இன்னும் இந்தப் பள்ளத்தாக்கின் வாயில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேல். வேளச்சேரி வீட்டிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிகள் மூன்று, ஐந்து கிலோமீட்டருக்குள்.

நான் சென்னையிலிருந்து வந்து சேர மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குள் தெருவில் பந்தல் போட்டு, நாற்காலி இறக்கி, பாடை கட்ட மூங்கில் வந்து, அம்மாவைச் சுற்றிப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்து, எங்கள் அக்காள் பிள்ளைகளுக்கு யாரோ இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார்கள். நான் எதற்கும் கையை நீட்டவேண்டியிருக்கவில்லை. டாக்டர் நூறு கிலோமீட்டர் தள்ளி, தோள் கொடுக்கிறவன் பத்தடி தள்ளி. இதை எந்தக் கணக்கில் நேர் செய்வது என்று இன்றுவரை பிடிபடவில்லை.

இந்தத் தோள் எல்லாருக்கும் கிடைக்கிறதா என்று என் பள்ளித் தோழன் ஒருவன் கேட்டான். பத்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு. அவன் வீடு ஊருக்குக் கிழக்கே, காலனியில். இப்போது தாம்பரத்துக்கு அப்பால் ஃப்ளாட் வாங்கிக் குடியிருக்கிறான். திருவிழாவுக்குக்கூட ஊருக்கு வருவதில்லை. நான் ஊருக்கே திரும்பிவிடலாமா என்று யோசிக்கிறேன் என்றபோது சிரித்தான்.

"ஊரு ஊருன்னு உருகுறியே மாப்ள, எந்த ஊரச் சொல்ற? உங்க தெருவா, எங்க தெருவா?"

நான் பதில் சொல்லவில்லை.

"உன்கிட்ட 'யாரு வீட்டுப் பிள்ளை'ன்னு கேட்டா டீ வரும். என்கிட்ட கேட்டா, கேட்டவன் பெஞ்சுல கொஞ்சம் தள்ளி உக்காருவான். ரெண்டும் ஒரே கேள்விதான்."

1989-இல் போடி வட்டாரத்தில் சாதிக் கலவரம் நடந்தபோது நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். எனக்கு அது பள்ளிக்கு லீவு விட்ட வாரம். அவனுக்கு அது அப்பா ராத்திரி தூங்காமல் வாசலில் உட்கார்ந்திருந்த வாரம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தும் இத்தனை வருடம் இதை நாங்கள் பேசிக்கொண்டதில்லை. என் தாளில் இரண்டு பக்கமும் எழுதிவைத்த அந்த வரி எனக்கு உறுத்தியதற்குக் காரணம் அவன்தான் என்று அப்போது விளங்கியது. எல்லாருக்கும் நம்மைத் தெரியும். எப்படித் தெரியும் என்பதில் இருக்கிறது சங்கதி.

பட்டணம் அவனை ஒன்றும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது என்றும் சொல்லமுடியாது. வாடகைக்கு வீடு தேடிய காலத்தில் மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டம்மாள் மிக மரியாதையாக "நீங்க சைவமா?" என்று கேட்டிருக்கிறார். 'சைவம் மட்டும்' என்று எழுதித் தொங்கவிட்ட பலகைகளைச் சென்னையில் வீடு தேடிய யாரும் பார்த்திருப்பார்கள். அதே கேள்வி, பதவிசாக. "ஆனா அங்க ஒரு வசதி இருக்கு மாப்ள," என்றான். "அடுத்த தெருவுக்குப் போயிக்கலாம். நம்ம ஊர்ல அடுத்த தெரு கெடையாது."

மனைவிக்கு வேறு நியாயம். அவள் செங்கல்பட்டுக்காரி, ஒரு பள்ளியில் ஆசிரியை. "உங்க ஊர்ல நான் உங்க அம்மாவோட மருமக. இங்க மூணாவது மாடி டீச்சர்" என்றாள். அதற்கு மேல் அவள் வாதாடவில்லை. எனக்கும் வாதாட ஒன்றும் இல்லை. நான் ஊருக்குத் திரும்பினால் பிள்ளை ஆகிவிடுகிறேன், அவள் மருமகள் ஆகிவிடுகிறாள். பிள்ளைக்கு டீ வரும். மருமகள் டீ போடவேண்டும். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற மகளோ விஷயத்தை வேறு மாதிரி முடித்துவிட்டாள்: "நான் காலேஜுக்கு எங்கயோ போகப்போறேன். நீங்க எங்க இருந்தா எனக்கென்னப்பா?" அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. முப்பது வருடத்துக்கு முன்னால் என் அப்பாவிடம் இதைச் சொல்லாமல் செய்தவன் நான்.

ஊரடங்குக் காலத்தில் திரும்பி வந்து, திரும்பிப் போகாமல் இருந்துவிட்ட ஒன்றிரண்டு பேர் பள்ளத்தாக்கில் இருக்கிறார்கள். மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டு, இரண்டு இணைய இணைப்பு வாங்கி, பெங்களூருக்கு வேலை பார்க்கிறார்கள். எதிரே மேகமலை. ஆனியில் சாரல் கணினித் திரைவரை வந்து விழும். பார்த்தால் பொறாமையாக இருக்கும். அதே 2020-இல் கம்பம்மெட்டுச் சாவடியையும் குமுளிச் சாவடியையும் மூடியதால் மலைக்குப் போகமுடியாமல் அத்தை மாதக்கணக்கில் வீட்டில் இருந்தார். வீட்டிலிருந்து ஏலக்காய் பறிக்க முடியாது. ஏலத்தின் விலை ஏறினாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. போடியில் வியாபாரிகள் அந்த ஆண்டைப் பற்றி இன்றும் கண் விரியப் பேசுவார்கள். அந்த ஆண்டு கூலி எத்தனை ஏறியது என்று அத்தையிடம் கேட்டேன். "டிரைவரு ஜீப்புக்குப் புது டயரு மாத்துனாப்ல" என்றார்.

இன்னொரு பக்கம் மலைக்கு வருகிற பட்டணத்துக்காரர்கள். மூணாறு போகிற கார்கள் போடிமெட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகின்றன. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் நடந்துபோனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்த இளையவர்கள். தீயில் மாட்டியவர்களை முதலில் ஓடிப்போய்த் தூக்கி வந்தவர்களில் குரங்கணிச் சனம் இருந்தது. மார்ச்சில் அந்தப் புல் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்பது அங்கே இருப்பவனுக்குக் காலோடு தெரியும். இரண்டு நாள் வந்துபோகிறவனுக்கு அது பொன்னிறமாகத் தெரியும். நானும் இப்போது இரண்டு நாள் வந்துபோகிறவன்தான் என்ற நினைப்பு அந்தச் செய்தியைப் படித்தபோது வந்தது.

போக்குவரத்து வசதி வந்தால் இந்தக் கேள்வியே எழாது என்பார்கள். மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயிலில் சின்ன வயதில் போயிருக்கிறேன், கணவாயில் அது மூச்சு வாங்கும். 2010 முடிந்ததோடு அகலப்பாதைக்காக நிறுத்தினார்கள். தேனிவரை ரயில் திரும்பி வர 2022 மே ஆகிவிட்டது, போடிவரை வர 2023 ஜூன் 15. அன்றைக்கே சென்னை சென்ட்ரலுக்கும் ரயில், வாரத்தில் மூன்று நாள். பன்னிரண்டு வருடம் ஒரு பள்ளத்தாக்கு தண்டவாளம் இல்லாமல் இருந்தது. அந்தப் பன்னிரண்டு வருடத்தில் பள்ளிக்கூடம் சேர்ந்த பிள்ளை பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டது. பஸ்காரர்களுக்கு நல்ல காலம். இப்போதோ, சென்னையில் தெற்கே போகிற பஸ்ஸைப் பிடிக்க முதலில் கிளாம்பாக்கத்துக்குப் போய்ச் சேரவேண்டும். அதுவே ஒரு தனிப் பயணம். பஸ் நிலையம் கோயம்பேட்டை விட்டதிலிருந்து சென்னை எனக்கு ஒரு ஊர் தள்ளிப்போய்விட்டது. வேளச்சேரிக்காரனுக்குக் கிளாம்பாக்கம் தெற்கே போகிற வழியில்தானே என்று மனைவி திருத்துகிறாள். இருக்கட்டும்.

ரயில் வந்தபிறகும் என் தாள் அப்படியே மடித்துக் கிடக்கிறது. போனவாரம் அம்மாவைப் பார்க்க வந்தபோது தூக்கம் பிடிக்காமல் நாலரை மணிக்கு எழுந்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். அத்தை தூக்குவாளியோடு வந்தார். அறுபதை நெருங்குகிறார். மேல்காற்று வீசிக்கொண்டிருந்தது, சட்டையின் பட்டன்களைக் கழுத்துவரை போட்டிருந்தார். ஜீப் வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்ததால் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னடா, வந்துரப்போறியாமே? ஒங்காத்தா சொல்லுச்சு."

"முடிவு பண்ணல அத்தை."

"அவ என்ன சொல்றா?"

"அவளுக்கு அங்கதான் சரின்னு தோணுது."

"அவளுக்கும் ஒரு ஞாயம் இருக்கும்ல" என்றார். கொஞ்ச நேரம் காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அப்புறம் நான் கேட்டேன், கேட்டிருக்கக்கூடாதோ என்று உடனே பட்டது: "உனக்கு எப்பயாச்சும் வேற எங்கிட்டாச்சும் இருக்கணும்னு தோணியிருக்கா அத்தை?"

"தோணாம? தெனமும் தோணும்" என்றார். "ஜீப்புல முன் சீட்டுல இருக்கணும்னு தோணும். பின்னால வளைவுக்கு வளைவு கொமட்டிக்கிட்டே வருது."

தெருமுனையில் விளக்கு திரும்பியது. அத்தை சேலையை உதறிக்கொண்டு எழுந்தார். ஜீப் நின்றது. பின்னால் ஏற்கனவே பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், ஒருவர் கையை நீட்டி அத்தையைத் தூக்கிவிட்டார். முன் சீட்டில் டிரைவரின் மச்சினன் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.